குற்ற எண்ணும் குற்றமும்

ஒரு மாவட்டத்தில் ஓராண்டில் எத்தனை குற்றங்கள் நடந்தன என்ற கேள்வியும், அந்த ஆண்டில் அங்கே எத்தனை குற்றங்கள் எழுதப்பட்டன என்ற கேள்வியும் வேறு வேறானவை. ஆயினும் சட்டமன்றத்திலும் நாளேட்டிலும் தேர்தல் மேடையிலும் இரண்டாவது கேள்விக்குரிய விடையே முதல் கேள்விக்கும் விடையாக எடுத்தாளப்படுகிறது. குற்ற ஆவணப் பணி என்னும் தொழில் இவ்விரு கேள்விகளுக்கும் இடைப்பட்ட இடத்தில் நடப்பது. காவல் நிலையத்தில் 'ரைட்டர்' என்று எல்லோராலும் அழைக்கப்படும் நிலைய எழுத்தர் தொடங்கி, மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்தில் மாதாந்திரப் பட்டியலைத் தயாரிக்கும் காவலர்வரை இப்பணியில் ஈடுபட்டோர் பலர். பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களின் ஏடுகளோடு நெடுநாள் பழகிய அத்தகைய பணியாளருள் ஒருவரான இக்கட்டுரையாளர், அந்த ஏடுகள் எவ்வாறு எண்களாகின்றன என்பதையே இங்கு எடுத்துரைக்கிறார்.

இத்தொழிலின் அடிப்படை அலகு குற்ற எண். ஒவ்வொரு நிலையத்திலும் ஜனவரி முதல் நாள் 1 என்று தொடங்கி, சாய்கோட்டுக்கு அப்பால் ஆண்டைச் சுமந்துகொண்டு, டிசம்பர் கடைசி நாள்வரை இவ்வெண் ஏறிக்கொண்டே போகும். பிடியாணை இன்றிக் காவலர் கைது செய்யத்தக்க குற்றம் பற்றி ஒருவர் தகவல் தரும்போது எழுதப்படும் முதல் தகவல் அறிக்கைக்கு இவ்வெண் இடப்படுகிறது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 154ஆம் பிரிவாக இருந்த இவ்வேற்பாடு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 173ஆம் பிரிவாகியிருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டு நிலையங்களில் இதே வரிசையில் வேறு சிலவும் எண் பெறுகின்றன. கிணற்றில் தவறி விழுந்து இறந்தவர், பாம்பு தீண்டி இறந்தவர், தற்கொலை செய்துகொண்டவர் ஆகியோரின் இயற்கைக்கு மாறான இறப்புகள் பழைய 174ஆம் பிரிவுக்கு ஈடான பிரிவின்கீழும், வீட்டைவிட்டுப் போனவர்கள் 'ஆண் காணவில்லை', 'பெண் காணவில்லை' என்ற தலைப்புகளிலும் குற்ற எண் பெறுவர். பாம்பு கடித்த சாவுக்கும் குற்ற எண் உண்டு என்பதைக் கேட்டுப் புதிதாகப் பணிக்கு வந்த காவலர்கள் சிரிப்பது வழக்கம்; ஓரிரு மாதங்களில் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். ஆகவே, ஒரு நிலையத்தின் ஆண்டிறுதிக் குற்ற எண் 400 என்றிருந்தால் அதன் எல்லையில் 400 குற்றங்கள் நடந்தன என்று பொருளாகாது; அவற்றைத் தலைப்புவாரியாகப் பிரித்து, குற்றமல்லாதவற்றைக் கழித்து, எஞ்சியவற்றை மாவட்டத்துக்கும், மாவட்டம் சென்னையிலுள்ள மாநிலக் காப்பகத்துக்கும், மாநிலம் 1986இல் நிறுவப்பட்ட தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கும் அனுப்பியபின்தான் 'இந்தியாவில் குற்றங்கள்' என்ற ஆண்டறிக்கையில் ஒரு வரி உருவாகிறது. 1953ஆம் ஆண்டுக்கான முதல் அறிக்கையிலிருந்து இந்த வரிசை தொடர்கிறது.

குற்ற எண் பெறாத புகார்களின் வரலாறு இதைவிடப் பெரியது. தமிழ்நாட்டில் மனு கொடுக்க வருவோருக்கு சி.எஸ்.ஆர். என்னும் ரசீது கொடுக்கப்படும். சமுதாயப் பணிப் பதிவேடு என்று விரியும் அந்த ஏட்டில் மனுவைப் பதிந்து, விசாரித்து, தேவைப்பட்டால் மட்டும் முதல் தகவல் அறிக்கையாக மாற்றுவது நடைமுறை. வரப்புத் தகராறு, கொடுக்கல் வாங்கல், குடிபோதையில் ஏசியது போன்றவை பெரும்பாலும் அந்த ஏட்டிலேயே முடிந்துவிடும். ஏசியதோடு அடியும் விழுந்திருந்து மனு வழக்காகும்போது, 2024வரை தமிழ்நாட்டு எழுத்தர்களின் கை தானாக எழுதிவந்த மூன்று பிரிவுகள் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506 என்பவை. ஆபாசமாகத் திட்டுதல், கையால் அடித்தல், மிரட்டுதல் என்று அவை பொருள்படும். ஒரே வாய்ச்சண்டை மனு ரசீதோடு நிற்பதும் வழக்காவதும், அடிபட்டவரின் காயத்தை மட்டுமன்றி, அன்றைய நிலைய அலுவலரின் போக்கையும், ஊர்ப் பெரியவர்கள் எத்தனை பேர் நிலைய வாசலில் நிற்கிறார்கள் என்பதையும் பொறுத்தது.

புகார் எழுதப்படாமல் போவதற்குக் காவலரே காரணம் என்று கருதுவது பாதி உண்மை. பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பட்டியிலிருந்து இரண்டு ஆடுகள் காணாமற்போனால், உரிமையாளர் நிலையத்துக்கு வந்து, "கேசெல்லாம் வேண்டாங்க ஐயா, ஆட்ட மட்டும் கண்டுபுடிச்சுக் குடுத்தாப் போதும்" என்று சொல்வதே பெரும்பான்மை. அவர் கணக்கு தெளிவானது: வழக்குப் பதிவானால் மீட்கப்பட்ட ஆடு வழக்குச் சொத்தாகிவிடும், அதனைத் திரும்பப் பெறக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும், பிறகு விசாரணைக்குச் சாட்சியாகப் போக வேண்டும், ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி. ஆட்டின் விலை வழக்கின் செலவுக்குக் காணாது. ஆடு திருட்டு இவ்வட்டாரத்தில் குறைவு என்று பட்டியலைப் பார்த்து முடிவுகட்டுவோர், ஆட்டின் விலையும் பேருந்துக் கட்டணமும் நீதிமன்றத் தொலைவும் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருப்பதை அறியார். எழுதப்படாத இக்குற்றங்களைப் பற்றி 1830களிலேயே சிந்தித்த பெல்ஜியத்துப் புள்ளியியலாளர் அதோல்ஃப் கெத்தலே, தெரிந்த குற்றத்துக்கும் தெரியாத குற்றத்துக்கும் இடையிலுள்ள விகிதம் மாறாதிருந்தால் மட்டுமே தெரிந்ததைக் கொண்டு மொத்தத்தை மதிப்பிட முடியும் என்று கருதினார். இரு மாவட்டங்களின் ஏடுகளும் காட்டுவது, அந்த விகிதம் மாறாதிருந்த பத்தாண்டு ஒன்றுகூட இல்லை என்பதுதான்.

காவலர் தரப்புப் பாதியும் பேசப்பட வேண்டியதே. வரும் புகாரைப் பதியாமல் அமுக்குவதற்கு இந்தியக் காவல்துறை ஆங்கிலத்தில் வழங்கிவரும் சொல் 'பர்க்கிங்' என்பது; 1828இல் எடின்பரோவில் ஆட்களை மூச்சுத்திணறடித்துக் கொன்று உடல்களை உடற்கூறு ஆசிரியருக்கு விற்ற வில்லியம் பர்க் என்பவனின் பெயரிலிருந்து அது வந்தது. கொலையாளியின் பெயர் குமாஸ்தா வேலைக்கு வந்துசேர்ந்த விசித்திரம் இது. தரம்வீரா தலைமையில் 1977இல் அமைக்கப்பட்ட தேசியக் காவல் ஆணையமும் இந்நோயைப் பற்றி விரிவாக எழுதியது. காரணம் எளிது: மாதாந்திரக் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட்டு, கூடியிருந்தால் நிலைய அலுவலரை நிற்கவைத்துக் கேட்கும் வழக்கம் எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் எண் குறைந்தே தீரும். இக்கட்டுரையாளர் பார்த்த ஒரு நிலையத்தில், டிசம்பர் கடைசி வாரத்தில் பூட்டை உடைத்து நடந்த திருட்டு ஒன்று ஜனவரி 2ஆம் நாள்தான் எண் பெற்றது. நடந்து முடிந்த ஆண்டு தூய்மையாக முடிந்தது, பிறந்த ஆண்டு தன் கணக்கைத் திருட்டோடு தொடங்கியது.

இந்நிலையை இரு நீதிமன்றத் தீர்ப்புகள் அசைத்தன. லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் வெளிப்பட்டால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்றும், குடும்பத் தகராறு, வணிகத் தகராறு போன்ற சிலவற்றில் மட்டுமே முன்விசாரணைக்கு இடமுண்டு என்றும் தீர்த்தது. 2016 செப்டம்பரில் அதே நீதிமன்றம், கவனத்துடன் கையாள வேண்டிய சில வகைகள் நீங்கலாக, அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றது. கையெழுத்து ஏட்டில் இரண்டு எண்களுக்கு நடுவே இடம் விட்டு வைக்கலாம். நிலையங்களைக் கணினிவழி இணைக்கும் வலைப்பின்னலில் எண்ணும் நேரமும் இயந்திரமே இடுவதால் அந்த வசதி போயிற்று. இத்தகைய ஆண்டுகளில் ஒரு நிலையத்தின் வழக்கு எண்ணிக்கை கூடியிருந்தால், அங்கே திருடர்கள் கூடினார்களா, எழுதுவது கூடிற்றா என்பதைப் பிரித்தறியாமல் பேசுவது பயனற்றது.

பெரம்பலூர், அரியலூர் இரண்டுக்கும் மட்டும் உரிய தொல்லை ஒன்று உண்டு. நெடுங்காலப் போக்கை ஆராய வருவோர் எல்லோரும் இடறி விழும் இடம் அதுவே. 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது. அரியலூர், உடையார்பாளையம் பகுதிகளும் அப்போது அதனுள் அடங்கியிருந்தன. 2001 ஜனவரி 1ஆம் நாள் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002 மார்ச் 31ஆம் நாள் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23ஆம் நாள் மறுபடியும் பிரிந்து இன்றுவரை தனியாக இருக்கிறது. பன்னிரண்டே ஆண்டுகளில் பிறப்பு, பிரிவு, இணைப்பு, மறுபிரிவு என நான்கு மாற்றங்கள். பெரம்பலூர் என்ற பெயரில் 1996 முதல் 2010வரை ஒரு கோடு வரைந்தால் அக்கோடு விழும், எழும், மறுபடி விழும். அந்த ஏற்ற இறக்கத்துக்காக ஒரு வீட்டின் பூட்டும் கூடுதலாக உடைபடவில்லை, ஒரு திருடனும் திருந்தவில்லை. இன்றைய அரியலூர் மாவட்டத்துத் தா.பழூரிலோ மீன்சுருட்டியிலோ நடந்த ஒரே வகைக் குற்றம் ஓராண்டில் ஒரு மாவட்டத்தின் பெயரிலும் மற்றோராண்டில் வேறொரு மாவட்டத்தின் பெயரிலும் எழுதப்பட்டது, அவ்வளவே. அரியலூரின் வரிசையை 2007இலிருந்து தொடங்குவோர் இன்னொரு பள்ளத்தில் விழுவர்: அந்த ஆண்டில் அம்மாவட்டம் இருந்தது ஐந்தரை வாரந்தான், ஐந்தரை வாரத்தையும் 2008இன் முழு ஆண்டையும் பக்கத்தில் வைத்தால் அரியலூரில் குற்றம் பல மடங்கு பெருகியதாகத் தோன்றும்.

இதற்கு ஆவணப் பணியாளர்கள் கண்ட வழி, மாவட்டத்தை விட்டுவிட்டு நிலையத்தைப் பிடித்துக்கொள்வது. மாவட்ட எல்லை மாறும். பாடாலூர், மங்களமேடு, குன்னம், அரும்பாவூர், வி.களத்தூர், கை.களத்தூர் ஆகியவையும், கீழப்பழுவூர், திருமானூர், தூத்தூர், கயர்லாபாத், இரும்புலிக்குறிச்சி, தளவாய், குவாகம் ஆகியவையும் எந்த மாவட்டத்தில் சேர்ந்தாலும் தத்தம் ஏடுகளைத் தாமே வைத்திருப்பவை. நிலையவாரியாகப் பழைய ஏடுகளை எடுத்து, இன்றைய எல்லைப்படி மறுபடி கூட்டினால்தான் ஒப்பிடத்தக்க வரிசை கிடைக்கும். சலிப்பான வேலைதான், கரையான் தின்ற ஏடுகள் வேறு. ஆனால் அதைச் செய்யாமல் வரையப்படும் எந்த வரைபடமும் வருவாய்த் துறையின் அரசாணைகளை வரைந்து காட்டுவதேயன்றிக் குற்றத்தைக் காட்டுவதன்று.

குற்ற வீதம் என்பது ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு எத்தனை வழக்குகள் என்ற கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூரின் மக்கள்தொகை 5,65,223, அரியலூரின் மக்கள்தொகை 7,54,894. தமிழ்நாட்டு மாவட்டங்களில் அப்போது மக்கள்தொகையில் மிகச் சிறியது பெரம்பலூர். இவ்வளவு சிறிய மாவட்டத்தில் வீதம் துள்ளும். எடுத்துக்காட்டுக்காக, ஓராண்டில் 10 கொலைகளும் அடுத்த ஆண்டில் 15 கொலைகளும் நடந்ததாக வைத்துக்கொண்டால், வீதம் 1.77இலிருந்து 2.65 ஆகும். 'கொலைகள் 50 விழுக்காடு அதிகரிப்பு' என்று தலைப்பிட அது போதும். ஆனால் ஒரே நிலத்தகராறில் அடுத்தடுத்து மூன்று கொலை வழக்குகள் பதிவாகியிருந்தால் அந்த அதிகரிப்பில் பாதிக்கு மேல் தீர்ந்துபோகும். ஐந்தாண்டுச் சராசரியாக எடுத்துப் பார்ப்பதே இத்தகைய மாவட்டங்களுக்கு ஏற்றது. வகுக்கும் எண்ணும் ஐயத்துக்குரியதுதான்: 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெறாததால், பத்தாண்டுக்கு மேலாக மதிப்பிட்ட தொகையைக் கொண்டே வீதம் கணக்கிடப்படுகிறது. வெளிநாட்டுக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனவர்களின் பூட்டிய வீடுகள் இங்கே இருக்க, அவர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள். மறுபுறம், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூர் மாவட்டத்தைக் கடந்து போகிறவர்கள் நாள்தோறும் பல்லாயிரம் பேர். அவர்களுள் ஒருவர் பாடாலூர் அருகே விபத்தில் இறந்தால், கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற வழக்கு பெரம்பலூரின் கணக்கில் ஏறும், இறந்தவர் பெரம்பலூரின் மக்கள்தொகையில் இருக்கமாட்டார். சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட்டும் ஏற்றிய லாரிகள் ஓயாது ஓடும் அரியலூரிலும் விபத்து வழக்கின் எண்ணிக்கையை முடிவுசெய்வது மக்கள்தொகையைவிடச் சாலையின் நெரிசல்தான்.

தலைப்புகளுக்குள் அடங்கியிருப்பவற்றைத் தெரிந்துகொள்ளாமல் தலைப்புகளை ஒப்பிடலாகாது. தமிழ்நாட்டுக் காவல்துறை சொத்துக் குற்றங்களை ஆதாயக் கொலை, கூட்டுக் கொள்ளை, கொள்ளை, கன்னக்களவு, திருட்டு என்று வகுக்கிறது. ஆதாயக் கொலை என்பது பொருளுக்காகச் செய்யும் கொலை. கூட்டுக் கொள்ளை ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து செய்வது. கன்னக்களவு என்ற சொல் மண்சுவரில் கன்னக்கோலால் துளையிட்டு நுழைந்த காலத்துக்கு உரியது. தொகுப்பு வீடுகளும் மாடி வீடுகளும் எழுந்தபின் சுவரைத் துளைக்கும் திருடன் மறைந்துபோக, பூட்டை நெம்பும் திருடனுக்கு அந்தப் பழைய பெயர் உரிமையாயிற்று. திருட்டு என்ற தலைப்பிலோ யாரும் எதிர்பாராத ஒன்று உட்கார்ந்திருக்கிறது: மணல். அரசுக்குச் சொந்தமான ஆற்றுமணலை அனுமதியின்றி அள்ளுவது, கனிமச் சட்டத்தின்கீழ் மட்டுமன்றி இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவின்கீழ்த் திருட்டாகவும் வழக்குப் பதியத்தக்கது என்பதை உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில் உறுதிப்படுத்தியது. கொள்ளிடக் கரையிலுள்ள திருமானூர், தூத்தூர், தா.பழூர் நிலையங்களிலும், வெள்ளாற்றை ஒட்டிய தளவாய் போன்ற நிலையங்களிலும், மாட்டுவண்டியில் மணல் ஏற்றிவந்து பிடிபட்டவரின் வழக்கும் பட்டியலில் திருட்டுதான், பேருந்து நிலையத்தில் பணப்பையை இழந்தவரின் வழக்கும் திருட்டுதான். மணற்கடத்தலுக்கு எதிரான காவலர் வேட்டை மும்முரமாக நடக்கும் ஆண்டில் அரியலூரில் 'திருட்டு' பெருகும். திருடர்கள் சுறுசுறுப்பாக இருந்ததை அது காட்டாது. அந்த ஆண்டில் காவலர்கள் சுறுசுறுப்பாக இருந்ததையே காட்டும். மதுவிலக்கு வழக்குகளும் சூதாட்ட வழக்குகளும் இவ்வகையினவே: புகார் கொடுப்பார் இல்லாத இக்குற்றங்களில் எண்ணிக்கை என்பது சோதனைகளின் எண்ணிக்கை.

இழந்த சொத்தின் மதிப்பு என்ற பத்தியும் ஏமாற்றும். அரியலூர் மறுபடி மாவட்டமான 2007இல் ஒரு சவரன் தங்கம் ஏறத்தாழ 8,000 ரூபாய்க்குள் கிடைத்தது. 2025இல் அது 70,000 ரூபாயைத் தாண்டியது. ஐந்து சவரன் சங்கிலி அன்றும் ஐந்து சவரன்தான், இன்றும் ஐந்து சவரன்தான். பட்டியலிலோ களவு ஒன்பது மடங்காகிவிட்டது. மதிப்பை ரூபாயில் எழுதும் பத்திக்குப் பக்கத்தில் சவரனில் எழுதும் பத்தி ஒன்று இருந்திருக்கலாம் என்று இக்கட்டுரையாளர் கருதியதுண்டு. படிவங்களை மாற்றும் அதிகாரம் படிவங்களை நிரப்புவோருக்கு இல்லை.

தேசியக் காப்பகம் பின்பற்றும் முதன்மைக் குற்ற விதியையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல பிரிவுகள் இருந்தால், அவற்றுள் கடுந்தண்டனைக்குரிய ஒன்று மட்டுமே கணக்கில் எடுக்கப்படும். வீடு புகுந்து கொள்ளையடித்து ஒருவரைக் கொன்றால் அது கொலை என்ற தலைப்பில் ஒன்று. கொள்ளையின் தலைப்பில் அது தோன்றாது. விதி நியாயமானதுதான், இல்லையேல் ஒரே நிகழ்ச்சி நான்காகிவிடும். ஆனால் இதனை அறியாத வாசகர் 'கொள்ளை குறைந்தது' என்று படிக்கும்போது, கொள்ளை கொலையாக முற்றிய வழக்குகள் அந்தக் குறைவுக்குள் இருக்கக்கூடும் என்பதை நினைக்கமாட்டார்.

எழுதுவதே எண்ணை உண்டாக்குகிறது என்பதற்கு 2020ஐ விஞ்சிய சான்று கிடையாது. அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின்கீழ்ப் பதிவான வழக்குகள் 8,91,700; அதற்கு முந்தைய 2019இல் அவை 1,68,116. சிறப்பு மற்றும் உள்ளூர்ச் சட்டங்கள் எனப்படும் மதுவிலக்கு, சூதாட்டம் முதலிய தனிச் சட்டங்களின்கீழ் வந்தவற்றையும் சேர்த்தால் 2020இன் மொத்தம் 13,77,681. இந்தியாவிலேயே அது மிக அதிகம். அதே ஈராண்டுகளில் மாநிலத்தின் கொலை வழக்குகளோ 1,745இலிருந்து 1,661ஆகக் குறைந்தன. தண்டனைச் சட்ட வழக்குகளை ஐந்து மடங்காக்கியது கொரோனா ஊரடங்கு மீறல்: அரசு ஊழியர் முறைப்படி பிறப்பித்த உத்தரவுக்குக் கீழ்ப்படியாமை என்ற 188ஆம் பிரிவு. சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பிய தொழிலாளர்களால் தொற்று பரவிய மாவட்டங்களுள் அரியலூரும் பெரம்பலூரும் முன்னணியில் இருந்ததால், அங்கே சோதனைச் சாவடிகளும் மிகுதி, நிறுத்தப்பட்ட இருசக்கர வண்டிகளும் மிகுதி. தக்காளி வாங்கப் போனவரும் மாட்டுக்குத் தவிடு வாங்கப் போனவரும் குற்ற எண் பெற்றனர். 188ஆம் பிரிவுக்குக் காவலர் நேரடியாக முதல் தகவல் அறிக்கை பதிய இயலாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018இலேயே ஜீவானந்தம் வழக்கில் தீர்த்திருந்தது என்பது இதில் கூடுதல் முரண். 2021 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, வன்முறை, போலி அனுமதிச்சீட்டு போன்றவை நீங்கலாக ஏறத்தாழ 10 லட்சம் ஊரடங்கு வழக்குகள் கைவிடப்படும் என்று அறிவித்தார். வழக்குகள் போயின, புள்ளிவிவரம் போகவில்லை. தமிழ்நாட்டின் குற்ற வரைபடத்தில் 2020 இன்றும் பனைமரம்போல் தனித்து நிற்கிறது.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களில் எண் உயர்வதைப் பெரும்பாலும் நல்ல செய்தியாகவே கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. 1992இல் சென்னை ஆயிரம்விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையம் பிறகு மாவட்டங்களுக்குப் பரவியபோது, ஆண்கள் நிறைந்த நிலையத்தின் படியேறத் தயங்கியவர்கள் அங்கே போய்ச் சொன்னார்கள்; சொன்னது எண்ணாயிற்று. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றது. அதன்பின், முன்பு 'பெண் காணவில்லை' என்று எழுதி, ஊருக்குத் திரும்பியதும் முடித்துவைக்கப்பட்ட பதினேழு வயதுப் பெண்ணின் வழக்கு, பிரிவு மாற்றப்பட்டுப் போக்சோ வழக்காகத் தொடர்கிறது. இளவயதுத் திருமணங்களும் மருத்துவமனையிலிருந்து வரும் தகவலால் அதே சட்டத்துக்குள் வருகின்றன. இந்த உயர்வுக்குள் கொடுமையும் உண்டு, காதலும் உண்டு, வழக்கமும் உண்டு. அவற்றைப் பிரிக்கும் பத்தி எந்தப் படிவத்திலும் கிடையாது.

பெருநகரங்களின் நிலை வேறன்று. 2008இல் சென்னைப் புறநகருக்குத் தனி ஆணையரகம் அமைந்தது, 2011இல் அது சென்னையோடு இணைந்தது, 2022 ஜனவரி 1 முதல் தாம்பரம், ஆவடி என இரண்டு ஆணையரகங்கள் மறுபடி பிரிந்தன. அரியலூர் கண்ட கதையைச் சென்னையும் கண்டது. நியூயார்க்கில் 1990இல் 2,200க்கு மேலிருந்த கொலைகள் 2017இல் 300க்கும் கீழே இறங்கியதை உலகமே நம்புகிறது, ஏனெனில் பிணத்தை ஏட்டிலிருந்து மறைப்பது கடினம். இங்கிலாந்தும் வேல்சும் 1982இலிருந்து வீடு வீடாகச் சென்று 'உங்களுக்கு என்ன நேர்ந்தது' என்று கேட்கும் தனிக் கணக்கெடுப்பை நடத்திவருகின்றன. 2014இல் அந்நாட்டுக் காவல்துறையின் பதிவு எண்களுக்கு 'தேசியப் புள்ளிவிவரம்' என்ற தகுதியே பறிக்கப்பட்டது. இந்தியாவில் அத்தகைய தொடர் கணக்கெடுப்பு இல்லாததால், நிலைய ஏடு ஒன்றே சாட்சியாக இருக்கிறது.

அப்படியானால் எந்த எண்ணை நம்பலாம் என்று பயிற்சிக்கு வருவோர் கேட்பதுண்டு. மூன்றைச் சொல்லலாம். கொலை முதலாவது, ஆயினும் 'சந்தேக மரணம்' என்று பதிந்த வழக்கு உடற்கூறாய்வு அறிக்கை வந்தபின் கொலையாகப் பிரிவு மாற்றம் பெறும்போது ஆண்டு தாண்டிவிடுவதால், டிசம்பர் வழக்குகளை மறுபடி ஒருமுறை எண்ண வேண்டும். வாகனத் திருட்டு இரண்டாவது. முதல் தகவல் அறிக்கை இல்லாமல் காப்பீடு கிடைக்காது என்பதால் இழந்தவரே விடாமல் நின்று பதியவைப்பார். சாலை விபத்து மரணம் மூன்றாவது; இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக அந்த எண் வேண்டும். மூன்றிலும், எழுதினால் பயன்பெறும் ஒருவர் இருக்கிறார் அல்லது மறைக்க முடியாத ஓர் உடல் இருக்கிறது. மற்ற தலைப்புகளில் அவ்விரண்டும் இல்லை. நாடளவில் 1990களின் தொடக்கத்தில் லட்சத்துக்கு 4க்கு மேலிருந்த கொலை வீதம் 2022இல் 2.1ஆகக் குறைந்ததை இக்காரணத்தாலேயே உண்மையான வீழ்ச்சியாக ஏற்கலாம்; அதே கால அளவில் மொத்த வழக்குகள் ஏறியதை அவ்வாறு ஏற்க இயலாது.

2024 ஜூலை 1ஆம் நாளோடு ஒரு வரிசை முடிந்து இன்னொன்று தொடங்கியிருக்கிறது. 1862 முதல் நடைமுறையிலிருந்த தண்டனைச் சட்டம் நீங்கிப் பாரதிய நியாய சன்ஹிதா வந்ததும், 302 என்றாலே கொலை என்றும் 379 என்றாலே திருட்டு என்றும் அறிந்திருந்த கைகள் 103, 303 என்று எழுதப் பழக வேண்டியதாயிற்று. செயின் பறிப்பு அதுவரை சூழலுக்கேற்பத் திருட்டாகவோ கொள்ளையாகவோ எழுதப்பட்டது. இப்போது பறிப்பு என்ற தனிக் குற்றம் 304ஆம் பிரிவில் இருக்கிறது. 2024இன் முதற்பாதியும் பிற்பாதியும் இரு வேறு சட்டங்களின் மொழியில் எழுதப்பட்டிருப்பதால், இனி வரும் ஆண்டுகளில் 'கொள்ளை குறைந்தது' என்று சொல்வோர் பறிப்பையும் சேர்த்துக் கூட்டினார்களா என்று கேட்பது வாசகரின் உரிமை.

பெரம்பலூரிலோ அரியலூரிலோ வேறெங்கோ புகார் கொடுக்கப் போகும் வாசகர், கையில் வாங்கிய தாள் மனு ரசீதா, முதல் தகவல் அறிக்கையா என்பதை நிலையத்தை விட்டு வெளியே வருமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாவதில் சி.எஸ்.ஆர். எண்ணும் இரண்டாவதில் குற்ற எண்ணும் இருக்கும். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்குக் கட்டணமின்றித் தரப்பட வேண்டும். குற்றம் நடந்த இடம் வேறு நிலையத்தின் எல்லை என்றாலும் வந்த இடத்திலேயே பதிய வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் எழுதலாம், அதற்கும் விடை இல்லையெனில் குற்றவியல் நடுவரிடம் மனுச் செய்யலாம். இவை நான்கும் 173ஆம் பிரிவிலேயே இருக்கின்றன.